உப்புக் காற்றில் ஒரு திருப்பணி

பேரையூர் வட்டாரத்துக் கரிசல் பூமியில் இரும்புக்கு ஆயுள் அதிகம். ஆண்டில் பெரும் பகுதி வெயிலும் வறண்ட காற்றுமாகவே கழிகிற அந்தப் பிரதேசத்தில், பாட்டன் காலத்தில் கிணற்று மேட்டில் மாட்டிய இரும்பு உருளையும், தொழுவத்து வாசலில் நட்ட இரும்புக் கிராதியும் பேரன் தலையெடுத்த பிறகும் பழுதின்றி நிற்கின்றன. தொட்டுப் பார்த்தால் விரலில் சற்றே செம்பொடி ஒட்டும், அவ்வளவுதான். அந்த ஊர்க்காரர்கள் ஆடி அமாவாசைக்கோ தை அமாவாசைக்கோ மூதாதையருக்குத் தர்ப்பணம் செய்யப் புறப்பட்டு, திருமங்கலம் வழியாக மதுரை போய் ரயிலேறி, மானாமதுரையும் பரமக்குடியும் ராமநாதபுரமும் கடந்து மண்டபத்தை அடைந்து, அதற்கப்பால் இருபுறமும் கடல் விரிய வண்டி பாம்பன் பாலத்தின்மேல் ஊர்ந்து சென்ற அந்தச் சில நிமிஷங்களில், ஜன்னல் வழியே காசு எறிந்து கும்பிட்டிருப்பார்களே ஒழிய, தங்களைச் சுமந்து நின்ற இரும்பின் கஷ்டத்தை நினைத்துப் பார்த்திருக்க நியாயமில்லை. அவர்கள் ஊரில் நூறாண்டு தாங்கக்கூடிய ஒரு தகட்டை அந்தக் கடல்மேல் கவனியாமல் விட்டுவிட்டால், சில ஆண்டுகளிலேயே அது அப்பளமாய் உதிர்ந்துவிடும்.

அப்படியிருந்தும் அந்தப் பழைய பாலம் 1914-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் தேதி திறக்கப்பட்டது முதல் 2022-ஆம் ஆண்டு டிசம்பர் வரை, இடையில் ஒரு மகா பிரளயத்தையும் கண்டு, நூற்றெட்டு ஆண்டுகளுக்கு மேல் ரயிலைச் சுமந்தது. இந்த அதிசயத்துக்கு அதைக் கட்டிய வெள்ளைக்கார எஞ்சினீயர்களின் சாமர்த்தியம் ஒரு காரணம். மற்றொரு காரணம், என் அபிப்பிராயத்தில் முதற்காரணமும் அதுவே, தலைமுறை தலைமுறையாக அந்தப் பாலத்தில் சாரம் கட்டித் தொங்கிக்கொண்டு துருவைச் சுரண்டி வர்ணம் பூசிவந்த கூலிக்காரர்களின் உழைப்பு. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பாலாலயம் செய்து, திருப்பணி முடித்து, கும்பாபிஷேகம் நடத்துகிற வழக்கம் நம் கோயில்களில் இருப்பதை எல்லோரும் அறிவர். ராமேசுவரத்துக் கோயிலுக்கு யாத்திரிகரைக் கொண்டுசேர்த்த இந்தப் பாலத்துக்கோ பன்னிரண்டு ஆண்டு காத்திருக்கக் கட்டுப்படியாகவில்லை. ஒரு கோடியில் திருப்பணி முடிவதற்குள் மறு கோடியில் ஜீர்ணோத்தாரணம் தொடங்கியாக வேண்டியிருந்தது.

பாலத்தின் வரலாற்றைச் சற்றுச் சொல்ல வேண்டும். முற்காலத்தில் சென்னையிலிருந்து கொழும்புக்குப் போகிறவர்கள் ரயிலில் தூத்துக்குடி வரை சென்று, அங்கிருந்து நீராவிக் கப்பல் ஏறுவது வழக்கம். அந்த நீண்ட கடற்பிரயாணத்தைக் குறைக்க எண்ணிய தென்னிந்திய ரயில்வே கம்பெனியார், பாம்பன் கால்வாயின் மீது பாலம் அமைத்து, ரயிலைத் தீவுக்குள் கொண்டுபோய்த் தனுஷ்கோடி முனையில் நிறுத்தி, அங்கிருந்து தலைமன்னாருக்குக் குறுகிய கடலைக் கப்பலில் கடக்கும்படி செய்தனர். எழும்பூரிலிருந்து புறப்பட்ட போட் மெயிலின் புகழெல்லாம் இந்த ஏற்பாட்டினால் வந்தது. நம் நாட்டில் கடல்மீது கட்டப்பட்ட முதல் பாலம் இதுவே. ஏறக்குறைய 2 கிலோமீட்டர் நீளமும், 140-க்கும் மேற்பட்ட கண்களும் கொண்ட அந்தப் பாலத்தின் நடுவே, கப்பல்கள் கடந்து செல்வதற்காகத் திறந்து மூடும் தூக்குப்பாலம் ஒன்றும் வைக்கப்பட்டது. சிகாகோ நகரத்து எஞ்சினீயரான ஷெர்சர் என்பவர் கண்ட முறைப்படி அமைந்த அது, 225 அடி அகலமுள்ள வழியை இரண்டு சிறகுகளாக மூடி நின்றது. ஒவ்வொரு சிறகும் 400 டன்னுக்கு மேற்பட்ட எடை. ஆனால் எதிர்ப்பக்கத்தில் சரியான பாரம் கட்டிச் சமன் செய்திருந்தபடியால், சில ஆட்கள் நெம்புகோலைப் பிடித்துச் சுற்றி நடந்தாலே அது மெல்ல நிமிர்ந்து வானத்தைப் பார்க்கும். மின்சாரமும் மோட்டாரும் மலிந்துவிட்ட பிறகும் அந்தப் பாலம் மனிதக் கைகளாலேயே இயங்கிவந்தது.

இனித் துருவின் கதைக்கு வருவோம். இரும்பைத் துரு பிடிக்கச் செய்ய நீரும் பிராணவாயுவும் போதும். வெறும் மழைநீரிலும் அது நடக்கும், மெதுவாக நடக்கும். உப்பு கலந்துவிட்டால் காரியம் வேகம் பிடிக்கிறது. துருப்பிடித்தல் என்பது அடிப்படையில் ஒரு மின்சார வியாபாரம். தகட்டின் ஓரிடத்திலிருந்து இரும்பு கரைந்து வெளியேற, மற்றோரிடத்தில் பிராணவாயு அந்த மின்னோட்டத்தை வாங்கிக்கொள்ள, இரண்டு இடத்துக்கும் நடுவே ஈரம் தரகு செய்கிறது. சுத்த நீர் மந்தமான தரகன். உப்புநீர் மகா சுறுசுறுப்பானவன். அதோடு, தகட்டின்மேல் படிந்த உப்பு, காற்றிலுள்ள ஈரத்தைத் தானே இழுத்துத் தன்னை நனைத்துக்கொள்ளும் சுபாவமுடையது. ஆகவே மழை பெய்யாத நாளிலும், வெயில் காய்ந்த மாலையிலும் அந்த இரும்பு உலர்வதே இல்லை. சாதாரண ஊரில் மழைக்காலம் போனால் இரும்புக்கு ஓய்வு கிடைக்கும். பாம்பனில் அந்த ஓய்வும் கிடையாது. தென்மேற்குப் பருவத்தில் கச்சான் காற்று மன்னார் வளைகுடாவின் அலைச் சாரலை வாரி ஒரு பக்கத்தில் அடிக்கும். ஐப்பசி பிறந்துவிட்டால் வாடைக் காற்று பாக்கு நீரிணையின் பக்கமிருந்து மறு விலாவில் அடிக்கும். உலகத்திலேயே இரும்பை அதிகமாக அரிக்கும் இடங்களில் அமெரிக்காவின் புளோரிடாக் கரைக்கு அடுத்தது இதுதான் என்று எஞ்சினீயர்கள் சொல்லுவது வழக்கம்.

துரு பார்வைக்குப் படுகிற இடத்தில் இருந்தால் அபாயம் குறைவு. அகன்ற தகட்டின் நடுவே செந்நிறம் படர்ந்தால் ஒரு மாதம் கழித்துச் சுரண்டினாலும் பெரிய நஷ்டம் இல்லை. இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து ரிவிட் அடித்த சந்துகளில்தான் விஷயம் விபரீதமாகிறது. அந்த மயிரிழை இடுக்கில் உப்புநீர் ஏறி உட்கார்ந்துவிட்டால் வெளியேறாது. வெளியிலிருந்து பூசுகிற எந்தப் பெயின்ட்டும் அதைத் தொடாது. துருவானது தான் தின்ற இரும்பைக் காட்டிலும் பல மடங்கு பருமனாக வளரும் ஆகையால், உள்ளேயிருந்தே அது தகடுகளை நெம்பிப் பிரிக்கும். கனத்த எஃகுத் தகடு அலை அலையாக வீங்கி, ரிவிட்டின் தலை ஒருநாள் தெறித்து விழும். இதை முன்கூட்டி அறிவதற்கு அனுபவசாலிகள் கையாளும் உபாயம் ஒன்று உண்டு. ரிவிட் தலையின் ஒரு பக்கத்தில் இடக்கை விரலை வைத்து அழுத்திக்கொண்டு, மறுபக்கத்தில் சிறு சுத்தியால் ஒரு தட்டுத் தட்டுவார்கள். ரிவிட் கெட்டியாக இருந்தால் விரலுக்கு ஒன்றும் தெரியாது, ஓசையும் கணீரென்று வரும். தளர்ந்திருந்தால் விரலின் கீழ் ஓர் அதிர்வு ஓடும், ஓசையும் மட்டித்துப் போகும். ஆயிரக்கணக்கான ரிவிட்டுகளை இவ்விதம் ஒவ்வொன்றாக நாடி பிடித்து, கெட்டவற்றின் மேல் சுண்ணாம்புக் கட்டியால் குறி இடுவது, காலுக்குக் கீழே கடல் கொந்தளிக்கும் இடத்தில் செய்யவேண்டிய காரியம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வர்ணம் பூசுவது என்றவுடனே நம் கண்முன் வருவது டப்பாவும் பிரஷும் தான். உண்மையில் இந்த வேலையில் பூசுவது சிறு பங்கு. சுரண்டுவதே பெரும் பங்கு. உப்புப் படிந்த இரும்பின்மேல் எவ்வளவு உயர்ந்த பெயின்ட்டைப் பூசினாலும், உள்ளே அகப்பட்டுக்கொண்ட உப்பு ஈரத்தை உறிஞ்சிக் கொப்புளம் எழுப்பி, ஓராண்டுக்குள் பூச்சை உரித்துத் தள்ளிவிடும். ஆகவே முதலில் நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். பாம்பனில் கழுவுவதற்கு வேண்டிய நல்ல தண்ணீரே ஒரு செலவு. சுற்றிலும் தண்ணீர், ஒரு குடமும் உதவாது. கழுவிய பின் சிப்பிங் சுத்தியால் துருச் செதிலைத் தட்டி உதிர்த்து, சுரண்டியால் வழித்து, கம்பிப் பிரஷால் தேய்த்து, இடுக்குகளில் உப்புத்தாளை மடித்து நுழைத்து, வெள்ளி போல் உலோகம் தெரிகிற வரையில் விடாமல் உழைக்க வேண்டும். பிற்காலத்தில் காற்றழுத்தத்தால் மணலையோ உலோகத் துகளையோ பீச்சியடித்துச் சுத்தம் செய்யும் முறை வந்தது. வேலை சுலபமாயிற்று என்றாலும், அந்த இயந்திரத்தின் குழல் புகாத மூலைகள் எப்போதும் மனிதக் கைக்கே மிஞ்சின.

உலோகம் தெரிந்தவுடன் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. காலையில் பளபளத்த தகட்டின்மேல் சில மணி நேரத்திலேயே இளஞ்சிவப்புத் திரை ஒன்று படியும். அது படிவதற்குமுன் முதற்பூச்சு ஏறிவிட வேண்டும். காற்றில் ஈரப்பதம் 85 சதவிகிதத்தைத் தாண்டினால் பூசலாகாது. தகட்டில் பனி அரும்பும் நிலை வந்தாலும் பூசலாகாது. எனவே விடிந்தவுடன் ஆரம்பிக்கவும் வழியில்லை, பொழுது சாய்ந்தபின் நீட்டவும் வழியில்லை. மேலும், பாலத்தின்மேல் ரயில் வரும். வரும்போதெல்லாம் வேலையை நிறுத்தி ஒதுங்க வேண்டும். முதலில் ரிவிட் தலைகளுக்கும் விளிம்புகளுக்கும் மட்டும் சிறு பிரஷால் ஒரு கை ஓட்டுவார்கள். ஏனென்றால் கூர்மையான விளிம்பில் பெயின்ட் தங்காமல் மெலிந்துவிடும், துரு முதலில் வாய் வைப்பதும் அங்கேதான். அதற்குப் பிறகே அகலப் பூச்சு.

அந்தக் காலத்தில் இரும்புக்கு முதற்பூச்சு, ஆளிவிதை எண்ணெயில் குழைத்த ஈயச் செந்தூரம். காரீயத்தினால் ஆகிய அந்த ஆரஞ்சுச் சிவப்புப் பொடி துருவைத் தடுப்பதில் நிகரற்றது; பூசுகிறவன் உடம்பில் ஏறி நரம்பையும் குடலையும் கெடுப்பதிலும் அப்படியே. அது படிப்படியாக விலக்கப்பட்டு, ரெட் ஆக்ஸைடும் துத்தநாக குரோமேட்டும் கலந்த பூச்சுகள் வந்தன. மேற்பூச்சு, நம் ரயில்வே பாலங்களில் எங்கும் காண்கிற வெள்ளி நிற அலுமினியப் பெயின்ட். அதிலுள்ள நுண்ணிய அலுமினியச் செதில்கள் ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, ஈரம் உள்ளே புகும் வழியைச் சுற்று வழியாக்கிவிடுகின்றன. கடற்கரைப் பாலங்களுக்கு இதுவும் போதாது என்பதால், அலுமினியக் கம்பியையோ துத்தநாகக் கம்பியையோ சுவாலையில் உருக்கிக் காற்றால் தூவி, இரும்பின்மேல் உலோகப் போர்வை ஒன்றையே படிய வைத்து, அதன்மேல் பெயின்ட் பூசும் முறை கையாளப்பட்டது. துத்தநாகத்தின் குணம் விசித்திரமானது. போர்வையில் கீறல் விழுந்து உப்புநீர் உள்ளே வந்துவிட்டாலும், இரும்பை முந்திக்கொண்டு தான் கரையும். தான் கரைந்து தீரும் வரையில் இரும்பைக் கரைய விடாது.

1964-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் தேதி இரவு அடித்த புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து அங்கே சென்ற பாசஞ்சர் வண்டியைக் கடல் பெயர்த்துக்கொண்டு போயிற்று, அதிலிருந்த எவரும் பிழைக்கவில்லை. பாலத்தின் கர்டர்களில் 120-க்கும் மேற்பட்டவை தூண்களிலிருந்து புரண்டு கடலில் விழுந்தன. நடுவிலிருந்த தூக்குப்பாலம் மட்டும் தப்பியது. பாலத்தைச் சீராக்க ஆறு மாதம் என்று ரயில்வே கணக்கிட்டு, பிறகு மூன்று மாதம் என்று குறைத்து, அந்தப் பொறுப்பை முப்பத்திரண்டு வயது எஞ்சினீயரான இ. ஸ்ரீதரனிடம் ஒப்படைத்தது. பிற்காலத்தில் கொங்கண் ரயில்வேயாலும் டில்லி மெட்ரோவாலும் பெயர் பெற்றவர் இவரே. புதிய கர்டர்களைச் செய்து கொண்டுவர வேண்டுமானால் காலம் போதாது என்று திகைத்திருந்த நிலையில், விழுந்த கர்டர்கள் கடலடியில் கிடப்பதை மீனவர்கள் கண்டு சொன்னார்கள். அவற்றைத் தூக்கியெடுத்து, செப்பனிட்டு, மறுபடியும் தூண்களின்மேல் ஏற்றி, 46 நாட்களில் ரயில் விட்டார். இந்த வேகத்தைப் புகழாதவர் இல்லை. எனக்கு அதைக்காட்டிலும் பெரிதாகப் படுவது வேறு: ஐம்பது ஆண்டு உப்புக் காற்றில் நின்று, தூக்கி எறியப்பட்டு, கடலடியில் கிடந்து எழுந்துவந்த அந்த இரும்பு, மறுபடி ரயிலைத் தாங்கும் நிலையில் இருந்தது என்பதே. அதுவரை அதைச் சுரண்டிப் பூசியவர்கள் ஒழுங்காகச் செய்திருந்ததற்கு வேறு அத்தாட்சி வேண்டியதில்லை.

பக்கத்திலேயே 1988-இல் சாலைப் பாலம் திறக்கப்பட்டதும் ரயில் பாலத்தின் ஏகபோகம் போயிற்று. 2007-இல் மீட்டர் கேஜ் அகலப்பாதையானபோது பழைய இரும்பின்மேல் அதிகப் பாரம் ஏறியது, அதற்காகப் பலப்படுத்தினார்கள். காற்று மணிக்கு ஏறத்தாழ 55 கிலோமீட்டர் வேகத்தைக் கடந்தால் சிக்னல் விழாதபடி ஏற்பாடு இருந்தது. 2018-ஆம் ஆண்டின் இறுதியில் தூக்குப்பாலத்தில் விரிசல் கண்டு சில மாதம் போக்குவரத்து நின்று, பழுது பார்த்து மீண்டும் தொடங்கியது. சென்னை ஐ.ஐ.டி.யார் உணர்கருவிகளைப் பொருத்தி, இரும்பின் அசைவுகளைக் கண்காணித்தனர். நான்காண்டுகளுக்குப் பின் கருவிகள் எச்சரித்தன. தூக்குப்பாலத்தின் இரும்பு அரித்துத் தளர்ந்திருந்தது. 2022 டிசம்பர் 23-ஆம் தேதி நிறுத்தப்பட்ட ரயில் அந்தப் பாலத்தின்மேல் மறுபடி ஓடவில்லை.

இந்தத் தொல்லை நமக்கு மட்டும் உரியதன்று. ஸ்காத்லாந்தில் 1890-இல் திறக்கப்பட்ட ஃபோர்த் ரயில் பாலத்தை ஒரு முனையிலிருந்து பூசி மறு முனையை எட்டுவதற்குள் முதல் முனை மங்கிவிடும் என்ற பேச்சு இங்கிலீஷ்காரரிடையே பழமொழியாகவே வழங்கியது. 2002-ஆம் ஆண்டு தொடங்கி 2011-இல் முடிந்த பெரும் திருப்பணியில், அதுவரை ஏறியிருந்த பழைய பூச்சுகளையெல்லாம் உலோகம் வரை உரித்தெறிந்து, கண்ணாடிச் செதில் கலந்த எபாக்ஸிப் பூச்சைப் பூசினார்கள்; இருபத்தைந்து ஆண்டு தாங்கும் என்பது எதிர்பார்ப்பு. ஹௌரா பாலத்துக்கு வந்த ஆபத்தோ கடலிலிருந்து வரவில்லை. கல்கத்தாவாசிகள் வெற்றிலையும் குட்காவும் மென்று துப்பிய எச்சில், பாலத்தின் தொங்கு கம்பங்களின் அடியிலிருந்த எஃகு உறைகளைப் பாதிக்குமேல் அரித்துவிட்டதாகத் துறைமுக அதிகாரிகள் கண்டறிந்து, கண்ணாடி நார் உறைகளைப் போட்டு மூடினார்கள். உப்புக் காற்றைத் தடுக்க வர்ணம் உண்டு. இதற்கு என்ன பூசுவது?

துருவைப் பற்றி ஆராயும் நாட்டின் முக்கிய நிலையம் பாம்பனுக்கு அண்டையிலேயே அமைந்திருப்பது நம் பாக்கியம். வள்ளல் அழகப்பச் செட்டியார் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் காரைக்குடியில் உருவான மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு 1948-இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953-இல் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். மண்டபத்தில் அதன் களநிலையம் ஒன்று இருக்கிறது. பலவகை உலோகத் தகடுகளையும் பூச்சுகளையும் சட்டங்களில் மாட்டிக் கடற்காற்றில் வைத்து, காலம் கழிந்தபின் எடுத்து நிறுத்துப் பார்த்து, எவ்வளவு கரைந்தது என்று கணக்கிடுவது அங்கே நடக்கும் வேலை. நம் தேசம் முழுவதற்குமான துருப் படம் ஒன்றை இந்த நிலையத்தார் தயாரித்திருக்கிறார்கள். எந்த ஊரில் இரும்பு எத்தனை வேகத்தில் கரையும் என்பதை அதில் காணலாம்.

புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி ஸ்ரீராமநவமியன்று திறக்கப்பட்டது. இதன் நடுப்பகுதி சிறகு விரிப்பதில்லை, 72.5 மீட்டர் நீளமுள்ள அந்தக் கண் முழுவதும், மின்சாரத்தால், 17 மீட்டர் நேர் மேலே எழும்புகிறது. கான்கிரீட்டுக்குள் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும், இரும்புக்கு மேல் பாலிசிலாக்ஸேன் என்ற நவீனப் பூச்சும் இடப்பட்டிருக்கின்றன. பல பத்தாண்டுகளுக்கு மறுபூச்சு வேண்டாம் என்று சொல்லுகிறார்கள். ஆயினும் திறப்பு விழாவுக்கு முன்பே ரயில்வே பாதுகாப்பு ஆணையர் தமது ஆய்வறிக்கையில், அரிப்பு அதற்குள் தலைகாட்டத் தொடங்கியிருப்பதைச் சுட்டிக்காட்டினார். ரயில்வேயார் அதற்குச் சமாதானம் சொன்னார்கள். அந்தக் கடல் எந்த உத்தரவாதப் பத்திரத்தையும் படித்துப் பார்ப்பதில்லை ஆகையால், சாரம் கட்டுகிற ஆட்களை இப்போதே பழக்கிவைப்பது நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது.

பழைய பாலத்தை என்ன செய்வது என்பதுதான் புதிய பாலம் வந்தபின் எழுந்த கேள்வி. அது இடையூறு, அகற்றிவிட வேண்டும் என்பவரும் உண்டு. நூற்றாண்டுச் சின்னம், அப்படியே காக்க வேண்டும் என்பவரும் உண்டு. முழுப் பாலத்தையும் நினைவுச் சின்னமாக நிறுத்தி வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ரயில் ஓடிய பாலத்துக்கே முறையாகப் பூசுவது பிரயாசையாக இருந்தது. ரயில் ஓடாத பாலத்துக்கு யார் ஆண்டுதோறும் பட்ஜெட்டில் தொகை எழுதுவார்கள்? கவனிப்பாரின்றிக் கடலின் நடுவே நிற்கும் இரும்பு, கப்பல் வழியில் என்றேனும் ஒருநாள் உடைந்து விழும். அதற்குப் பதிலாக, தூக்குப்பாலத்தின் ஒரு சிறகையேனும் நெம்புகோல், பல்சக்கரம், எதிர்ப்பாரம் ஆகியவற்றோடு பெயர்த்துக் கொண்டுவந்து மண்டபம் கரையில், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தாங்களே தள்ளித் திறந்து பார்க்கும்படி நிறுத்தலாம். அந்தத் திட்டத்தின் மதிப்பீட்டில், பெயர்க்கும் கூலிக்கும் பீடம் கட்டும் செலவுக்கும் முன்னதாக, முதல் வரியில் வருஷாந்தரம் சுரண்டிப் பூசுவதற்கான தொகையையும் அதற்கென்று இரண்டு நிரந்தர ஆட்களின் சம்பளத்தையும் எழுதிவிட வேண்டும்.